ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வார்டில் எங்களைச் சேர்க்கப் போகிறார்களாம், என்ன எழுதுவது?

கடவைக்காரி (ஞாயிறு, இரவு 9.20)

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். வாசித்து முடித்துவிட்டுத் திட்டுவதென்றால் திட்டுங்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு நகரம். ஊரின் பெயரையும் கவுன்சிலின் பெயரையும் எழுத விரும்பவில்லை. எழுதினால் யார் எழுதியது என்று மறுநாளே தெரிந்துவிடும். அந்த ஊரில் தமிழில் எழுதுகிற கடவைக்காரி நான் ஒருத்திதான். 11 ஆண்டுகளாக ஓர் ஆரம்பப் பாடசாலையின் முன்னால் நின்று பிள்ளைகளை வீதி கடக்க வைப்பது என் வேலை. காலையில் முக்கால் மணி நேரம், பிற்பகலில் முக்கால் மணி நேரம். மஞ்சள் மேலங்கி, கையில் வட்டப் பலகை, மழை நாளென்றால் நனைந்த சப்பாத்து.

எங்கள் நகரத்தின் வார்டு எல்லைகளைத் திரும்ப வரையப் போகிறார்கள். வரைவது கவுன்சில் இல்லையாம், இங்கிலாந்து உள்ளாட்சி எல்லை ஆணைக்குழு என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கிறதாம். ஆனால் கவுன்சில் தன் பங்குக்கு ஒரு வரைபடம் தயாரித்து அனுப்பியிருக்கிறது. அதை நூலகத்தில் ஒட்டியிருந்தார்கள். புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போன நான், அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பகுதியில் ரயில் பாதை கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதன் தெற்கு ஓரத்தில் ஐந்து வீதிகள். மூன்றாவது வீதியில் என் வீடு. பாடசாலை, நூலகம், வைத்தியர் நிலையம், பூங்கா, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கிற மண்டபம் எல்லாம் தெற்கேதான். வடக்கே நடந்து போக ஒரே வழி ஒரு பழைய இரும்பு நடைபாலம். 38 படி ஏறி 38 படி இறங்க வேண்டும். மின்தூக்கி கிடையாது. தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால், முன்சக்கரத்தைப் பிடிக்க யாராவது வரும்வரை கீழே நிற்க வேண்டும். காரில் என்றால் பெரிய சுற்று. அந்தப் பக்கம் சில பட்டறைகள், ஒரு பஸ் டிப்போ, அதற்கும் அப்பால் வேறொரு குடியிருப்பு. கவுன்சிலின் வரைபடத்தில் எங்கள் ஐந்து வீதிகளும் அந்த வடக்கு வார்டுக்குப் போகின்றன.

காரணமும் எழுதியிருக்கிறார்கள். மூன்று கவுன்சிலர் உள்ள வார்டுக்குச் சராசரி 12,000 வாக்காளர். பழைய எரிவாயு நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்புவதால் எங்கள் தெற்கு வார்டு இன்னும் சில ஆண்டுகளில் 13,900 ஆகிவிடுமாம். வடக்கில் 11,100தான். எங்கள் ஐந்து வீதிகளிலும் 900 வாக்காளர். எங்களைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் அங்கே 12,000, இங்கே 13,000. கணக்கு வாத்தியார் மெச்சுவார்.

ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். தொடக்கம் இப்படி: “எங்கள் ஐந்து வீதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழ்கின்றன. எமது மொழியையும் பண்பாட்டையும் பேணிக் காக்க நாம் ஒரே வார்டில் இருப்பது இன்றியமையாதது.” மகள் வாசித்துவிட்டு, “அம்மா, இது கோயில் மலருக்கு எழுதுகிற வாழ்த்துரை மாதிரி இருக்கிறது” என்றாள். கோபம் வந்தது. பிறகு நானே சத்தமாக வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் பிழையில்லை.

இப்படி எழுதினால் எடுபடுமா? கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் எத்தனை வேண்டும்? புதிய வார்டுக்குப் பெயர் சொல்லலாம் என்கிறார்கள், எங்கள் கோயிலின் பெயரைச் சொல்லலாமா? பக்கத்து வீட்டுக்காரர், வார்டு மாறினால் கவுன்சில் வரி கூடும், பிள்ளைக்குப் பாடசாலை அனுமதி கிடைக்காது என்று இரவு பகலாகப் புலம்புகிறார். அது உண்மையா? கருத்துச் சொல்ல இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பட்டியல்காரர் (திங்கள், காலை 7.05)

அம்மா, முதலில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைத் தூங்க விடுங்கள். வார்டு எல்லை மாறுவதால் கவுன்சில் வரி மாறாது, அஞ்சல் குறியீடு மாறாது, பள்ளிச் சேர்க்கை எல்லையும் மாறாது. வீட்டு விலை குறையும், காப்பீடு ஏறும் என்று எழுதினால் ஆணைக்குழு அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. எந்தக் கட்சிக்கு லாபம் என்பதையும் பார்க்காது. மாறக்கூடியது வாக்குச்சாவடி, அதைத் தீர்மானிப்பது கவுன்சில், அது தனி வேலை. பாலம் ஏறி ஓட்டுப் போட வேண்டி வருமோ என்று கவலைப்பட்டால் அந்தக் கடிதத்தைக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும்.

நான் இந்த நாட்டில் ஒரு கவுன்சிலின் தேர்தல் பிரிவில் 22 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வாக்காளர் பட்டியல் தயாரிப்பது, தெருத்தெருவாகப் படிவம் அனுப்புவது, சாவடிக்கு மேசை நாற்காலி தேடுவது. இரண்டு எல்லை மறுவரைவுகளை உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் உங்கள் மகள் பக்கம்தான் நான்.

2009ஆம் ஆண்டுச் சட்டம் ஆணைக்குழுவிடம் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. ஒரு கவுன்சிலருக்கு இத்தனை வாக்காளர் என்ற விகிதம் எல்லா வார்டிலும் முடிந்தவரை ஒன்றாக இருக்க வேண்டும். அந்தந்த இடத்து மக்கள் கூட்டங்களின் அடையாளமும் நலன்களும் எல்லையில் தெரிய வேண்டும். நிர்வாகம் வசதியாகவும் பயனுள்ளதாகவும் நடக்க வேண்டும். இரண்டாவதைச் சட்டமே கொஞ்சம் விரித்துச் சொல்கிறது: எல்லைக்கோடு எளிதில் அடையாளம் காணக்கூடியதாக இருப்பது நல்லது, உள்ளூர்ப் பிணைப்புகளை அறுக்காமல் இருப்பது நல்லது. அந்தப் பகுதியில் இனம், மொழி, மதம் என்ற சொல் எதுவும் கிடையாது. “நாங்கள் தமிழர்கள்” என்பதை வைத்துக்கொண்டு ஆணைக்குழு அதிகாரி என்ன செய்வார்? வரைபடத்தில் அதை எங்கே வரைவார்? தமிழ் வகுப்பைப் பற்றித் தாராளமாக எழுதுங்கள், ஆனால் யார், எந்தத் தெருவிலிருந்து, எந்த வழியாக, எந்த மண்டபத்துக்குப் போகிறார்கள் என்று எழுதுங்கள். அப்போது அது பிணைப்பு. “பண்பாட்டைப் பேணிக் காக்க” என்றால் அது வாழ்த்துரைதான்.

எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று. எழுத வேண்டிய கடிதத்தை நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள், இங்கே, எங்களுக்கு! 38 படி, மின்தூக்கி இல்லை, தள்ளுவண்டிக்காரர்கள் கீழே காத்து நிற்கிறார்கள். ரயில் பாதையைவிடத் தெளிவான எல்லை உங்கள் ஊரில் எது? அதைத் தாண்டி 900 பேரை எதற்காக இழுக்கிறீர்கள் என்று கேளுங்கள். பாலத்தைப் படம் எடுத்து இணையுங்கள். பிறகு, 11 ஆண்டுகளாகப் பள்ளி வாசலில் நிற்கிறீர்கள். யார் எந்தப் பக்கமிருந்து நடந்து வருகிறார்கள் என்று அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்த அளவு எந்தக் கவுன்சிலருக்கும் தெரியாது. ஒரு வாரம் எண்ணுங்கள்.

கையெழுத்துக்கு இத்தனை என்று குறைந்தபட்சம் ஒன்றும் இல்லை. இது வாக்கெடுப்பும் இல்லை. ஒரே கடிதத்தை நகல் எடுத்து 300 பேர் அனுப்பினாலும் அதில் உள்ள சான்று ஒன்றுதான். மூன்று பேர் மூன்று விதமான விவரம் எழுதினால் மூன்று சான்று.

இனிக் கசப்பான பகுதி. சராசரியிலிருந்து பத்து விழுக்காடு கூடவோ குறையவோ இருந்தால் ஆணைக்குழு பொதுவாகப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. உங்கள் கணக்குப்படி 10,800க்கும் 13,200க்கும் இடையில். 13,900 என்பது ஏறத்தாழ பதினாறு விழுக்காடு அதிகம். அதை அப்படியே விடுங்கள் என்று கேட்க முடியாது. ஐந்து தெருக்கள் போகக் கூடாதென்றால் எது போக வேண்டும் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். “எங்களைத் தொடாதீர்கள்” என்று மட்டும் எழுதி வந்த கடிதங்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். அனுதாபத்தோடு கோப்பில் போய்விடும்.

உங்கள் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கவுன்சிலர்களை ஆண்டுக்கொரு தடவை தேர்ந்தெடுக்கிறார்களா? அப்படியானால் எல்லா வார்டிலும் மும்மூன்று பேர் இருப்பதே விரும்பத்தக்கது என்று சட்டம் சொல்கிறது. உங்களுக்கென்று குட்டியாக ஒரு வார்டு வெட்டிக் கொடுப்பது மிக அரிது. ஆசைப்பட வேண்டாம்.

பெயருக்கு, எல்லோரும் வாயால் சொல்கிற சின்ன இடப்பெயர் சிறந்தது. கோயில் பெயர் வேண்டாம். கோயிலுக்குப் போகாதவரும் அந்த வார்டில்தான் இருப்பார்.

கடைசியாக ஒன்று, இது என் பழைய வயிற்றெரிச்சல். கணக்கில் வருவது மக்கள்தொகை இல்லை, பட்டியலில் உள்ள வாக்காளர்கள். இலங்கை, இந்தியக் குடியுரிமையோடு இங்கே சட்டப்படி வசிப்பவர்களும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் பதிவு செய்துகொண்டு ஓட்டுப் போடலாம். பல வீடுகளில் இது தெரியாது. படிவத்தைக் குப்பையில் போடுவார்கள். இந்தமுறை எண்கள் எடுத்தாகிவிட்டன, ஆனாலும் கேட்டு வையுங்கள்.

மாற்றுக்கருத்து (திங்கள், பகல் 12.48)

எல்லோரும் எப்படி எழுதுவது என்று பேசுகிறீர்கள். எதற்காக எழுத வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லையே, அக்கா?

தெற்கு வார்டிலேயே இருந்தால் தமிழர்கள் எல்லோரும் சேர்ந்து மூன்று கவுன்சிலர்களிடம் போவீர்கள். இரண்டாகப் பிரிந்தால் ஆறு பேரின் கதவைத் தட்டலாம். 12,000 பேரில் 900 பேர் சின்ன எண்ணிக்கை இல்லை. கவுன்சில் தேர்தல்களில் நூறு வாக்கு வித்தியாசத்தில் ஆட்கள் தோற்கிறார்கள். உங்கள் வீதிகளை அலட்சியப்படுத்த வடக்கு வார்டு வேட்பாளரால் முடியாது. ஒரே இடத்தில் குவிந்துகொண்டால், “அவர்கள் வாக்கு எப்படியும் வரும்” என்று ஒரு கட்சி உறங்கும், “எப்படியும் வராது” என்று மற்றது ஒதுங்கும்.

இன்னொன்று. அந்த ஐந்து வீதிகளில் தமிழர் மட்டுமா இருக்கிறார்கள்? உங்கள் கடிதத்தை ஒரு போலந்துக்காரரோ சோமாலியரோ வாசித்தால், இது எங்கள் வீதியைப் பற்றியது இல்லை என்று நினைக்க மாட்டாரா?

கடவைக்காரி (திங்கள், இரவு 10.15)

ஐயா, மிக்க நன்றி. ஆம், மூன்றில் ஒரு பங்குதான். நாலாவது ஆண்டு மட்டும் தேர்தல் இல்லை. குட்டி வார்டு ஆசையை விட்டுவிட்டேன்.

மாற்றுக்கருத்துக்கு: உங்கள் இரண்டாவது கேள்வி மனதில் ஏறிவிட்டது. இன்று வேலை முடிந்து வரும்போது எங்கள் வீதியில் கதவு கதவாக எண்ணினேன். 46 கதவு. தமிழ் வீடு 17. “நெருங்கி வாழ்கின்றன” என்று எழுதியவள் நான்தான்! எதிர்வீட்டுக் கிழவி இங்கேயே பிறந்தவர். நான் பனியில் வழுக்கி விழுந்த அன்று என் பலகையை எடுத்து வந்து வீட்டில் தந்தவர் அவர். அவரையும் சேர்க்காமல் என்ன “எமது சமூகம்”?

முதல் கேள்விக்கு என்னிடம் கெட்டிக்காரத்தனமான பதில் இல்லை. ஆறு கதவு என்கிறீர்கள். என் அனுபவத்தில் மக்கள் ஆறு கதவைத் தட்டுவதில்லை, தெரிந்த ஒரு கதவைத்தான் தட்டுவார்கள். எங்கள் கடவையில் வேகத்தடை போடவேண்டுமென்று நான்கு ஆண்டு அலைந்தோம். தெற்கு வார்டுக் கவுன்சிலர் ஒருவர் ஒரு நாள் காலை என் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நின்று பார்த்தார். அடுத்த ஆண்டு தடை வந்தது. வடக்கு வார்டுக்காரர் வந்து நிற்பாரா? பிள்ளைகள் என் வீதியில் வசிப்பார்கள், கடவை அவருடைய வார்டில் இருக்காது.

நாளையிலிருந்து எண்ணப் போகிறேன்.

மலைத்தொடர் (செவ்வாய், காலை 6.30)

அக்கா, கேள்விக்கு நேரான பதில் இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றியது. நான் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தவன். எங்களுக்கு இந்தப் பிரச்சினை தலைகீழாக இருந்தது. அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச சபைகளில் ஒவ்வொன்றின் பகுதியிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் மக்கள். சின்ன ஊர்ச்சபைக்கு ஒரு நகரத்தின் சுமை. வெளியே இருப்பவர்கள் “தமிழருக்குத் தனிச் சபை கேட்கிறார்கள்” என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள் கேட்டது, சபைக் காரியாலயத்துக்குப் போக ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் இருக்க வேண்டும் என்பது. கடைசியில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என நான்கு புதிய சபைகள் பிரிந்தன. 2018 பெப்ரவரி 10 தேர்தல் அந்தப் புதிய சபைகளுக்கும் சேர்த்து நடந்தது.

அதே தேர்தலில்தான் வட்டார முறை, அதாவது நீங்கள் சொல்கிற வார்டு முறை, திரும்ப வந்தது. வேறு வேறு இனத்தவர் கலந்து வாழ்ந்த சில இடங்களில், கோடு போட்டுப் பிரிக்காமல் ஒரே வட்டாரத்துக்கு இரண்டு மூன்று உறுப்பினர் என்று வைத்தார்கள். அங்கே இனத்தை வெளிப்படையாகவே கணக்கில் எடுத்தார்கள். நீங்கள் இருக்கும் நாட்டில் அப்படிக் கேட்க முடியாது என்று ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் எங்கள் ஊரிலும் வாதத்தை வென்றது தூரம்தான் என்பது என் எண்ணம்.

கடவைக்காரி (சனி, காலை 11.10)

செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாள் எண்ணினேன். திங்கள் விட்டுப்போயிற்று. மேலங்கிப் பையில் சின்னக் குறிப்புப் புத்தகம், மணி அடித்த பிறகு அவசர அவசரமாகக் கோடு கிழித்தேன். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டேன்; பிள்ளைகளின் பெயர் எதையும் எழுதவில்லை, எந்தத் திசை என்று மட்டும்.

எங்கள் ஐந்து வீதிகளின் பக்கமிருந்து ஒவ்வொரு காலையும் 60க்கும் 70க்கும் இடையில் பிள்ளைகள் வந்தார்கள். பாலத்தின் வழியாக வடக்கேயிருந்து வந்தவர்கள்: செவ்வாய் இருவர், புதன் இருவர், வியாழன் இருவர், வெள்ளி ஒருவர். அக்காவும் தம்பியும், வெள்ளியன்று தம்பிக்குக் காய்ச்சலாம். எங்கள் பக்கமிருந்து பாலம் ஏறி வடக்கே போன பாடசாலைப் பிள்ளை ஒருவரும் இல்லை.

இங்கே வரைக்கும் எனக்குச் சந்தோஷம். இனித்தான் சிக்கல்.

எழுதும்போதே ஒரு யோசனை வைத்திருந்தேன், உங்களிடம் சொல்லவில்லை. எங்களை வெளியே போடாமல் புது அடுக்குமாடிகளைக் கிழக்கு வார்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று. கிழக்கில் 11,700 பேர், அடுக்குமாடிகளில் 1,000 பேர் வருவார்களாம், சேர்த்தால் 12,700. எங்கள் பக்கம் 12,900. எல்லாம் பத்து விழுக்காட்டுக்குள். அங்கே பாதிக் கட்டடத்தில் ஆளே இல்லை, இன்னும் வராதவர்களுக்கு என்ன பிணைப்பு அறுந்துவிடப் போகிறது என்று கெட்டித்தனமாக நினைத்தேன்.

ஆனால் முதல் கட்டடத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தப் பக்கமிருந்து நாளுக்கு 14 பிள்ளைகள் என் கடவையைக் கடக்கிறார்கள். இதுவரை அவர்களை நான் தனியாகக் கவனித்ததே இல்லை. வியாழனன்று அதில் ஒரு தாய், கையில் கைக்குழந்தையோடு, பெரியவனை வாசலில் விட்டுவிட்டு, நூலகத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு நடக்கிறதாமே, எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். வந்து ஆறு வாரம்தான். வழி சொன்னேன். சொல்லிவிட்டுப் பையில் இருந்த புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தேன். களவு செய்தவள் மாதிரி இருந்தது.

இந்த 14ஐ எழுதாமல் விட்டால் என் கடிதம் பலமாக இருக்கும். என்ன செய்யலாம்?

பட்டியல்காரர் (சனி, மாலை 4.32)

எழுதுங்கள். நீங்கள் விட்டாலும் அடுக்குமாடியிலிருந்து யாராவது எழுதுவார்கள், தனியாட்களின் பெயர், முகவரியை மறைத்துக் கடிதங்களை ஆணைக்குழு இணையத்தில் வெளியிடும். உங்கள் 60ஐயும் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும், இல்லாவிட்டால் இங்கே கேட்டிருக்க மாட்டீர்கள்.

மேற்குப் பக்கம் பார்த்தீர்களா? பூங்காவைப் பற்றிச் சொன்னீர்கள். பூங்காவுக்கு அப்பால் உங்கள் வார்டு முடிகிறதா, இன்னும் நீளுகிறதா?

கடவைக்காரி (சனி, இரவு 8.50)

நீளுகிறது! பூங்காவுக்கு அப்பால் நான்கு வீதிகள், 700 வாக்காளர். அந்தப் பக்கமிருந்து இந்த நான்கு நாளும் ஒரு பிள்ளைகூட வரவில்லை, அவர்களுக்கு மேற்கில் வேறு பாடசாலை இருக்கிறது. மேற்கு வார்டில் 11,400. 700ஐச் சேர்த்தால் 12,100. எங்கள் வார்டு 13,200. நீங்கள் சொன்ன பத்து விழுக்காட்டின் விளிம்பிலேயே நிற்கிறது.

மாற்றுக்கருத்து (சனி, இரவு 9.30)

அக்கா, அந்த நான்கு வீதிக்காரர்களிடம் கேட்டீர்களா? அவர்கள் பக்கத்து நூலகத்தில் நாளை ஒரு சிவப்புக் கோடு ஒட்டப்பட்டிருந்தால், அதை வரைந்தது நீங்கள்.

கடவைக்காரி (திங்கள், இரவு 10.40)

போனேன். ஞாயிறு பிற்பகல், மகளையும் இழுத்துக்கொண்டு. நான்கு வீதியிலும் சேர்த்து 30 கதவு தட்டினோம், 19 திறந்தன. 11 பேருக்குத் தங்கள் வார்டின் பெயரே தெரியவில்லை. கடைக்கும் பாடசாலைக்கும் மேற்கேதான் போகிறோம், மாறினால் நல்லதுதான் என்று ஐந்து பேர். வைத்தியர் நிலையத்துக்காக இந்தப் பக்கம் வருகிற இரண்டு முதியவர்களுக்கு மாற்றம் பிடிக்கவில்லை. வார்டு மாறினால் வைத்தியர் மாறமாட்டார் என்று விளக்கிய பிறகு ஒருவர் சரி என்றார், மற்றவர் கதவைச் சாத்தினார். மிச்சம் ஒருவர் தான் வாக்களிப்பதே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். பட்டியல்காரர் ஐயாவின் வயிற்றெரிச்சல் அப்போது எனக்கும் வந்தது.

கதவைச் சாத்தியவரையும் சேர்த்து எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

பட்டியல்காரர் (செவ்வாய், காலை 7.00)

13,200 விளிம்பு என்பதால் ஆணைக்குழு தயங்கலாம், உங்கள் சான்று நல்ல சான்று என்பதால் ஏற்கவும் செய்யலாம். இந்தச் சுற்று முடிந்ததும் ஆணைக்குழு தன் வரைவுப் பரிந்துரையை வெளியிடும். அதற்கும் கருத்துச் சொல்லலாம். பிறகுதான் இறுதிப் பரிந்துரை. அது நாடாளுமன்றத்தின் முன் 40 நாள் இருக்கும். அங்கே ஏற்கலாம், நிராகரிக்கலாம், கோட்டைத் திருத்த முடியாது. ஆகவே திருத்த வேண்டியதெல்லாம் இப்போதே.

ஒருவேளை தோற்றாலும் வேறொரு கதவு உண்டு. பாரிஷ் கவுன்சில், அதாவது கவுன்சிலுக்குக் கீழே ஒரு சிறு பகுதிக்கென்று இருக்கும் சபை, வேண்டுமென்று உங்கள் கவுன்சிலுக்கு மனுக் கொடுக்கலாம். 500 முதல் 2,500 வாக்காளர் உள்ள பகுதிக்கு 187 கையெழுத்துப் போதும். கவுன்சில் அதை ஆராய்ந்தே ஆக வேண்டும், அமைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதற்குத் தனி வரி வரும் என்பதையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இந்தமுறை அவர் புலம்புவதில் நியாயம் இருக்கும்.

பெயருக்கு என்ன எழுதினீர்கள்?

கடவைக்காரி (செவ்வாய், இரவு 9.55)

பெயரில் ஒரு வேடிக்கை. நாங்கள் எல்லோரும் அந்த நடைபாலத்தைக் “கறுப்புப் பாலம்” என்போம், அதனால் கறுப்புப் பாலம் வார்டு என்று எழுதலாம் என்றிருந்தேன். இன்று காலை டிப்போவில் வேலை செய்கிற ஒரு சாரதி பாலத்தால் இறங்கி வந்தார். கறுப்புப் பாலத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். எந்தப் பாலம் என்று கேட்டார். இப்போது இறங்கி வந்தீர்களே, அதுதான் என்றேன். “ஓ, டிப்போ பாலமா? அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்” என்றார்.

பெயருக்குப் பூங்காவின் பெயரைப் போட்டேன். பாலத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெயர் இருப்பதைக் கடிதத்தின் கடைசிப் பந்தியாகச் சேர்த்தேன். மகள் பிழை திருத்தினாள், படி ஏறுகிற படத்தையும் நான்கு நாள் கணக்கையும் இணைத்தோம். ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டேன். நாளை காலை எட்டே காலுக்கு வேலை.